அளந்துதான் பார்ப்போமே! – வாசகர் கேள்வி-பதில்

நடுநிலைப் பள்ளியில் 26 வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். அதில் கடைசி 19 வருடமும் சனிக்கிழமை காலை என்றால் பிள்ளைகளோடு ஓடைக்கரையில்தான் இருப்பேன். கையில் புட்டி, குறிப்பேடு, வெப்பமானி. உலகப் பிரச்சினைகளை நோக்கிப் பிள்ளைகள் கையால் செய்யும் அறிவியலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். சிலருக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

குடிநீர், காலநிலை, தொற்றுநோய் எல்லாம் பெரிய பெரிய நிபுணர்களே திணறும் விஷயங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் என்ன செய்துவிட முடியும்? மிகையாகத் தெரியவில்லையா, டீச்சர்?
– ஓர் அறிவியல் ஆசிரியை

கரும்பலகையில் 'உலகின் குடிநீர்ப் பிரச்சினை' என்று எழுதினால் மிகைதான். அந்தத் தலைப்பைப் பார்த்ததும் பிள்ளைகள் சுவரொட்டி வரைவார்கள். ஒரு பூமி உருண்டை, அதன் கண்ணிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர். முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் வரைய வைத்தேன். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் தண்ணீரைப் பற்றி யாருக்கும் புதிதாக ஒன்றும் தெரியவரவில்லை.

மூன்றாம் வருடம் கேள்வியை மாற்றினேன்: 'பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடை எந்த இடத்தில் கலங்க ஆரம்பிக்கிறது?' எனக்கே விடை தெரியாத கேள்வி அது. பிள்ளைகளுக்கு அது உடனே புரிந்துவிட்டது. டீச்சர் கையில் விடைத்தாள் இல்லை என்று தெரிந்ததும் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்த விதம் இன்னும் என் கண்முன் இருக்கிறது.

மலாவி நாட்டின் வில்லியம் கம்குவாம்பாவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 2001-02இல் வந்த பஞ்சத்தில் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வழியில்லாமல் படிப்பு நின்றது. அப்போது அவருக்கு 14 வயது. நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தார். அங்கே ஒரு புத்தகத்தில் காற்றாலையின் படத்தைப் பார்த்தார். பழைய சைக்கிள், டிராக்டர் விசிறி, சூடாக்கித் தட்டையாக்கிய பிளாஸ்டிக் குழாய் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு காற்றாலை கட்டினார். மின்சாரம் தந்தது ஒரு சைக்கிள் டைனமோ. 'உலகின் எரிசக்திப் பிரச்சினை' என்று அவர் தொடங்கவில்லை. ராத்திரியில் படிக்க ஒரு விளக்கும் வயலுக்குத் தண்ணீரும் வேண்டும் என்று தொடங்கினார்.

பிரச்சினையின் ஒரு நுனி பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும். எது எட்டும் என்று தேடித் தருவதுதான் நம் வேலை. அதற்குப் பிறகு நாம் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். எனக்கு இரண்டாவதைக் கற்றுக்கொள்ளத்தான் அதிக நாள் ஆனது.

அறிவியல் கண்காட்சிக்கு நீர் சுத்திகரிக்கும் மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். 'போன வருடம் இதையே நாலு பேர் செய்தார்கள், புதிதாக ஏதாவது செய்' என்கிறார் அப்பா. எங்கிருந்து புதிதாகக் கண்டுபிடிப்பது?
– பதினோராம் வகுப்பு மாணவி

மாதிரியைத் தூக்கிப் போடாதேம்மா. அதனிடம் ஒரு கேள்வி கேள், போதும். மணல் அடுக்கின் உயரத்தை 5 செ.மீ., 10 செ.மீ., 15 செ.மீ. என்று மாற்று. ஒவ்வொன்றிலும் ஒரே கலங்கல் நீரை ஒரே அளவு ஊற்று. வெளியே வரும் நீர் எவ்வளவு தெளிந்திருக்கிறது, எத்தனை நிமிடத்தில் வடிகிறது என்று எழுது. ஒவ்வொன்றையும் மூன்று முறையாவது திரும்பச் செய். மற்ற நாலு பேர் கொண்டுவந்தது காட்சிப்பொருள். உன்னிடம் இருக்கப்போவது ஓர் ஆய்வு. ஒன்றை மட்டும் பலகையில் பெரிதாக எழுதி வை: தெளிந்த நீர் எல்லாம் கிருமி இல்லாத நீர் ஆகாது.

நல்ல கேள்வி கிடைத்தால் கருவி ஓர் அட்டையாகக்கூட இருக்கலாம். அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற சிறுமி 9 வயதில் ஒரு சோதனை செய்தாள். உடம்பைத் தொடாமல், கையை மேலே அசைத்தே நோயாளியின் 'ஆற்றல் புல'த்தை உணர்ந்து குணப்படுத்த முடியும் என்று சிலர் சொல்லிவந்தார்கள். எமிலி நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு வைத்தாள். அதில் இரண்டு துளைகள். சிகிச்சை தருபவர் துளை வழியாக இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். எமிலி நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, விழுந்தபடி அவருடைய இடது கைக்கோ வலது கைக்கோ மேலே தன் கையைப் பிடிப்பாள். 'என் கை எந்தப் பக்கம் இருக்கிறது?' அவ்வளவுதான் கேள்வி. 21 பேரிடம் மொத்தம் 280 முறை கேட்டாள். சரியாகச் சொன்னது 123 முறை. அதாவது 44 சதவீதம். சும்மா குத்துமதிப்பாகச் சொன்னாலே பாதி சரியாக வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் அது வெளியானபோது அவளுக்கு வயது 11.

இங்கிலாந்தின் பிளாக்கட்டன் தொடக்கப் பள்ளியில் 8 முதல் 10 வயதுவரை உள்ள 25 பிள்ளைகள் சேர்ந்து, காட்டுத் தேனீ இனமான பம்பிள் தேனீக்கள் நிறத்தையும் அது இருக்கும் வடிவ அமைப்பையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுமா என்று சோதித்தார்கள். 'பயாலஜி லெட்டர்ஸ்' ஆய்விதழ் 2010இல் அதை வெளியிட்டது. படங்கள் கலர் பென்சிலால் வரைந்தவை. கட்டுரை தொடங்குவதே 'முன்னொரு காலத்தில்' என்றுதான். பெரியவர்களின் நடையில் திருத்தி எழுதாமல் விட்டார்களே, அதற்காகவே அந்த ஆசிரியர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை.

ஆய்வகம் கிடையாது, பணமும் கிடையாது. நூலகத்தின் ஓர் அறையும் பதினைந்து பிள்ளைகளும் மட்டும் இருக்கிறார்கள். எதைக் கொண்டு தொடங்கலாம்?
– ஒரு நூலகர்

பதினைந்து பிள்ளைகள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று அளக்க ஒரு கலங்கல் குழாய் செய்துகொள்ளுங்கள்.

ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று வேண்டும். ஒரு முனையை ஒழுகாதபடி மூடியால் அடையுங்கள். மூடியின் உட்புறத்தில் ஒரு வட்டம் வரைந்து நாலாகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பாகங்களுக்குக் கறுப்பும் மற்ற இரண்டுக்கும் வெள்ளையும் அழியாத மையால் தீட்ட வேண்டும். குழாயின் வெளிப்புறத்தில் செ.மீ. நாடா ஒட்டுங்கள். ஓடை நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே மேலிருந்து பாருங்கள். முதலில் வட்டம் பளிச்சென்று தெரியும். பிறகு வெள்ளை மங்கிப் பழுப்பாகும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே கோடு கரையும். சட்டென்று ஒரு கணத்தில் அடியில் எதுவுமே இருக்காது. அந்த இடத்தில் ஊற்றுவதை நிறுத்தி, உயரத்தைப் படித்து எழுத வேண்டும். நீர் தெளிவாக இருந்தால் குழாய் நிறைந்தும் வட்டம் தெரியும். மழைக்குப் பிறகு ஒரு சாண் உயரத்திலேயே மறைந்துவிடும்.

இதன் மூதாதை 1865இல் பிறந்தது. ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியலாளரும்கூட, கடல் நீரின் தெளிவை அளக்க ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கப்பலிலிருந்து இறக்கினார். ஏரிகளை அளப்பவர்கள் இன்றும் அந்தத் தட்டைத்தான் இறக்குகிறார்கள். இப்போது அதில் கறுப்பும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

படிக்கும்போது வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும். குழாய் உங்கள் நிழலில் இருக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி கூடாது. வாளியில் எடுத்த நீரை ஊற்றுவதற்கு முன் கலக்குங்கள், இல்லாவிட்டால் மண் அடியில் தங்கிவிடும். இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுத வேண்டும். இந்தக் கடைசி விதிதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம். நண்பன் 42 என்று சொல்லிவிட்டால் இவன் கண்ணுக்கும் 42தான் தெரியும்.

கிருமி இருக்கிறதா என்று பார்க்க, கறுக்கும் புட்டி இருக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனை என்பார்கள். இந்திய அறிவியலாளர் மஞ்சாவும் அவருடைய சகாக்களும் 1982இல் வெளியிட்ட முறை. கிருமி நீக்கிய புட்டிக்குள் சத்துப்பொருளும் இரும்பு உப்பும் ஊறிய ஒரு காகிதத் துண்டு இருக்கும். குறி வரை நீரை நிரப்பி, மூடி, இளஞ்சூடான இடத்தில் வைத்துவிட வேண்டும். மலக்கலப்போடு சேர்ந்து வரும் பாக்டீரியாக்கள் இருந்தால் அவை வெளியிடும் வாயு இரும்போடு சேர்ந்து கறுக்கும். மறுநாள் காலையில் காகிதத்தின் ஓரத்தில் பென்சில் கோடு மாதிரி ஒரு சாம்பல் இழை தெரியும். மத்தியானத்துக்குள் புட்டி முழுக்க மை ஊற்றியதுபோல ஆகிவிடும். அதைப் பார்த்த பிள்ளைக்குக் கை கழுவச் சொல்லிப் பாடம் நடத்தத் தேவையில்லை.

இரண்டு எச்சரிக்கை. 48 மணி நேரமும் கறுக்காவிட்டால் அந்த நீர் நல்லது என்று பொருள் இல்லை. ஆர்செனிக், ஃபுளோரைடு, ஈயம் எதையும் இந்தப் புட்டி காட்டாது. சில நிலத்தடி நீரில் அந்த வாயு இயல்பாகவே இருக்கும், அதனாலும் கறுக்கலாம். இன்னொன்று, கறுத்த புட்டியைப் பிள்ளைகள் திறக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசல் ஊற்றி வைத்திருந்து அப்புறம் கொட்ட வேண்டும்.

கருவி எளியது என்பதால் பலனும் சிறியதாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல்லும் சகாக்களும் வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக்கி நீரை வடிகட்டச் சொன்னார்கள். காலராக் கிருமி நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களின்மேல் ஒட்டிக்கொண்டு வரும், அவை துணியில் தங்கிவிடும். அந்தக் கிராமங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2003இல் வெளியான ஆய்வு அது. பொத்தானை நூலில் கோத்து இழுத்து 'விர்ர்' என்று சுழற்றும் விளையாட்டு தெரியும் அல்லவா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் ஆய்வுக் குழு 2017இல் அதையே காகித வட்டில் செய்து, நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை ஓட்டிக் காட்டியது. மின்சாரமே இல்லாமல், ஒன்றரை நிமிடத்தில் ரத்தத்திலிருந்து அதன் திரவப் பகுதியான பிளாஸ்மா பிரிந்துவிடுகிறது.

பிள்ளைகள் எடுக்கும் அளவீடுகளை யார் நம்புவார்கள்? நான் 35 வருடம் அளவீட்டுத் துறையில் இருந்தவன். பயிற்சி பெற்றவர்களே பிழை செய்வார்கள்.
– ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்

ஐயா, உங்களைப் போன்ற ஒருவர் எங்கள் குழுவோடு சனிக்கிழமைகளில் வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பிழை வரும். எவ்வளவு வருகிறது என்று அளந்து சொல்லவும் பிள்ளைகளால் முடியும். ஒரே வாளி நீரை எட்டுப் பிள்ளைகள் படித்தபோது எங்களுக்கு 38இலிருந்து 44 செ.மீ. வரை வந்தது. அன்று முதல், 6 செ.மீ.க்குள் வரும் வித்தியாசத்தை வைத்து யாரும் எதையும் பேசக் கூடாது என்று பிள்ளைகளே விதி போட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஓடையில் நாங்கள் நீர் எடுக்கும் மூன்றாம் இடத்தில் வாரா வாரம் 60 செ.மீ.க்குப் பக்கத்தில் வரும். அன்று ஒரு பெண் 23 என்று எழுதியிருந்தாள். சரியாக ஊற்றியிருக்க மாட்டாள் என்று நினைத்து, அடிக்கப் பேனாவை எடுத்துவிட்டேன். "டீச்சர், அடிக்காதீங்க. மறுபடி எடுத்துட்டு வரேன்" என்று வாளியோடு இறங்கினாள். 24 வந்தது. அவளோடு படித்தவனுக்கு 22. கரையோரமாக மேலே நடந்துபோய்ப் பார்த்தால், கட்டுமான வேலைக்காக ஒரு பக்கம் கரையை வெட்டி மண்ணைத் தண்ணீருக்குள்ளேயே தள்ளியிருந்தார்கள். நான் அடித்திருந்தால் அந்த வருடத்தின் ஒரே கண்டுபிடிப்பு போயிருக்கும். அதற்குப் பிறகு எங்கள் குறிப்பேட்டில் எந்த எண்ணையும் அழிப்பதில்லை. சந்தேகம் இருந்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, காரணத்தை எழுதுவோம்.

நம்பகம் ஆளின் வயதைவிட முறையைப் பொறுத்தது. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் குடிநீரின் ஆதாரத்தை மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் காக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து நீரில் இறங்கியது. 2015இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 300 சோதனைப் பெட்டிகளை அனுப்பினார்கள். குடியிருப்பவர்களே நீர் எடுத்து 252 மாதிரிகளைத் திருப்பி அனுப்பினார்கள். உண்மை வெளியே வர அது பெரிய காரணம். அதில் எல்லாமே நீர் எடுக்கும் முறையில்தான் இருந்தது. ராத்திரி முழுக்க, குறைந்தது ஆறு மணி நேரம், குழாயைத் தொடாமல் விட்டு, காலையில் வரும் முதல் நீரைப் பிடிக்க வேண்டும். முன்கூட்டித் திறந்து ஓடவிட்டால், குழாயில் தேங்கி ஈயம் ஏறிய நீர் புட்டிக்கு வராமலே போய்விடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் யாரையும் குழாயைத் தொட விடாமல் காவல் காக்கும்.

பிள்ளையை ஓடைக்கும் சாக்கடைக்கும் அனுப்பப் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய்

பயம் நியாயமானது. எங்கள் விதிகள் இவை: பத்துப் பிள்ளைக்கு இரண்டு பெரியவர்கள், முழங்காலுக்கு மேல் நீர் இருந்தால் இறங்கக் கூடாது, மழை பெய்த அன்றும் மறுநாளும் ஓடை பக்கமே போகக் கூடாது, கயிறு கட்டிய வாளியால்தான் நீர் எடுக்க வேண்டும், கையில் வெட்டுக் காயம் இருந்தால் அன்று அந்தப் பிள்ளை குறிப்பு எழுதும். ஆர்செனிக் சோதனைப் பெட்டியைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதே இல்லை. அதில் நச்சு வாயு வெளிவரும், காகிதத்தில் பாதரச உப்பு இருக்கும். இந்த விதிகளை எழுதித் தராத குழுவுக்கு உங்கள் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

எங்கள் பகுதியில் டெங்கு வருடா வருடம் வருகிறது. இளைஞர்கள் சேர்ந்து துண்டறிக்கை கொடுத்துப் பார்த்துவிட்டோம். வேறு என்ன செய்யலாம்?
– ஓர் இளைஞர் குழு

துண்டறிக்கையை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பியுங்கள். சுகாதாரத் துறைக்காரர்கள் பயன்படுத்தும் இரண்டு எண்களை ஒரே நாளில் நீங்கள் கற்றுக்கொள்ளலாம். நூறு வீடு பார்த்தால் எத்தனை வீட்டில் கொசுப்புழு இருக்கிறது என்பது வீட்டுக் குறியீடு. நூறு வீட்டுக்குப் புழு உள்ள பாத்திரங்கள் எத்தனை என்பது பிரெட்டோ குறியீடு. உதாரணமாக 50 வீடு பார்த்தீர்கள், 9 வீட்டில் புழு, மொத்தம் 14 பாத்திரங்கள் என்றால் முதலாவது 18, இரண்டாவது 28. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குப் போங்கள். எண் இறங்குகிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்காரரிடம் பேசும் விதம் முக்கியம். 'உங்கள் வீட்டில் கொசு இருக்கிறது' என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். எங்கள் பிள்ளைகள் ஒரு கண்ணாடிப் புட்டியும் லென்சும் கொண்டுபோவார்கள். "உங்க வீட்டுத் தொட்டியில இருந்து ஒரு கரண்டி தண்ணி எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். புட்டியை வெளிச்சத்தில் பிடித்து, நெளியும் புழுவை லென்சு வழியாக வீட்டுப் பாட்டிக்குக் காட்டுவார்கள். பிறகு தொட்டியைக் கவிழ்ப்பது பாட்டியே.

நாங்கள் ஒருமுறை மூன்று சுற்று எண்ணியும் எண் இறங்கவே இல்லை. தொட்டி, டயர், பூச்சட்டி எல்லாம் காலி. ஒரு பையன்தான் குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் குனிந்து, அடியில் நீர் சேரும் தட்டை இழுத்தான். அதில் இருந்தன புழுக்கள். பெரியவர்கள் யாரும் அங்கே குனிந்ததே இல்லை.

முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒருமுறை கவிழ்க்கச் சொல்வது. கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும்.

என் மகனுக்குப் பத்து வயது. காலநிலை மாற்றச் செய்தி பார்த்தால் ராத்திரி தூங்க மாட்டேன் என்கிறான். இவனுக்கு இன்னும் அறிவியல் சொல்லிக்கொடுத்துப் பயமுறுத்தலாமா?
– ஒரு தந்தை

செய்தியைக் குறைத்து, கையில் ஒரு வேலை கொடுங்கள். வீட்டுப் பக்கத்தில் ஒரு மரத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும். முதல் துளிர், முதல் மொட்டு, முதல் பூ, கடைசி இலை விழுந்த நாள் எல்லாவற்றையும் தேதியோடு எழுதட்டும். கூடவே தினமும் ஒரே நேரத்தில், நிழலில் தொங்கும் வெப்பமானியைப் படிக்கட்டும்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் இப்படி வசந்தத்தின் அறிகுறிகளைக் குறிக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் அவர் குடும்பத்தார் 1958 வரை தொடர்ந்தார்கள். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூத்த நாட்களைப் பழைய நாட்குறிப்புகளிலிருந்து 9ஆம் நூற்றாண்டு வரை திரட்டியிருக்கிறார்கள். பூ இப்போது எவ்வளவு முந்திப் பூக்கிறது என்று நமக்குத் தெரிவது இவர்களால்தான். எழுதியவர்கள் யாருக்கும் காலநிலை மாற்றம் என்ற சொல்லே தெரியாது.

உங்கள் மகனின் பயத்தை இது துடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் எங்கள் குழுவில் இப்படி ஒரு பையன் இருந்தான். இரண்டு வருடம் ஒரே மரத்தைப் பார்த்தான். முதலில் எல்லாம் 'என்ன ஆகுமோ டீச்சர்' என்பவன், பிறகு 'இந்த வருஷம் ஒன்பது நாள் முந்தி டீச்சர், ஆனா ரெண்டு வருஷத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது' என்றான். அன்று நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மாணவர்களோடு ஆறு மாதம் நீரைச் சோதித்து அறிக்கை கொடுத்தோம். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் பதிலே இல்லை. பிள்ளைகள் மனம் உடைந்துவிட்டார்கள்.
– ஓர் ஆசிரியர்

எங்களுக்கும் நடந்தது. ஒரு வடிகால் ஓடையில் சேரும் இடத்தை 14 வாரம் அளந்தோம். 40 பக்க அறிக்கையை நானே உட்கார்ந்து எழுதி, ஓர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினேன். நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, "அவங்க படிச்சிருக்க மாட்டாங்க டீச்சர், நானே படிக்கல" என்றாள். அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது, ஆனால் உண்மை.

பிள்ளைகள் அதை ஒரே பக்கமாக்கினார்கள். மேலே ஒரு வரைபடம்: வடிகாலுக்கு மேலே எடுத்த 14 அளவுகள் நீலத்தில், கீழே எடுத்த 14 சிவப்பில். நடுவில் ஒரு புகைப்படம். அடியில் ஒரே ஒரு வேண்டுகோள்: 'இந்த இடத்தை நீங்களும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை நாங்கள் அங்கே இருப்போம்.' அலுவலகத்துக்குக் கொடுப்பதற்கு முன், ஓடைக்கரையில் குடியிருப்பவர்களுக்குப் படித்துக் காட்டினோம். அவர்களில் முப்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். தண்ணீர் அவர்களுடையது. அளவு முதலில் அவர்களிடம்தான் போயிருக்க வேண்டும். இதை நான் முதல் வாரமே செய்திருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை ஓர் அதிகாரி வந்தார். அந்தப் பெண் எதுவும் பேசாமல் குழாயை அவர் கையில் கொடுத்து, வாளியிலிருந்து நீரை ஊற்றினாள். அவரும் எல்லாரையும் போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார். "ஆங், போச்சு, போச்சு, நிறுத்து" என்றார். "எவ்வளவு சார்?" "பதினேழு." அவள் குறிப்பேட்டில் 17 என்று எழுதி, பக்கத்தில் அவரையே கையெழுத்துப் போடச் சொன்னாள். வடிகால் முழுதாகச் சரியாக இரண்டு வருடம் ஆனது. ஆனால் மாதா மாதம் அங்கே சோதனை நடக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

பிள்ளைகள் குறிப்பேட்டை எந்த மொழியில் எழுத வேண்டும்? ஆங்கிலத்தில் எழுதினால்தானே வெளியே மதிப்பு?
– ஒரு பயிற்சி ஆசிரியை

எந்த மொழியில் யோசிக்கிறார்களோ அதில். 'தண்ணி சோப்பு மாதிரி வழவழன்னு இருந்துச்சு' என்று ஒரு பையன் எழுதினான். அந்த 'வழவழ'தான் எங்களை நீரின் காரத்தன்மையைச் சோதிக்க வைத்தது. ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருந்தால் 'நீர் நன்றாக இல்லை' என்ற அளவோடு நின்றிருப்பான். எண்களுக்கு மொழி கிடையாது. அட்டவணையை யாரும் எங்கேயும் படித்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பு தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

டீச்சர், கொசுப்புழு ஏன் தலைகீழாகத் தொங்குது?
– நான்காம் வகுப்பு மாணவன்

அதற்கு மூச்சு வாங்கும் குழல் வால் பக்கம் இருக்கிறது தம்பி. குழலின் நுனியை நீரின் மேல்தோலில் ஒட்டவைத்துக்கொண்டு, தலையைக் கீழே தொங்கவிட்டு நிற்கும். ஏடிஸ், கியூலெக்ஸ் என்ற கொசு வகைகளின் புழுக்கள் இப்படித்தான். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவின் புழுவுக்கு அந்த நீளக் குழல் கிடையாது. அதனால் அது நீர்மட்டத்தோடு படுத்த மாதிரி இருக்கும். புட்டியைப் பக்கவாட்டில் பார்த்தாலே எது எந்த வகை என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

நீ ஒன்று செய். அம்மாவையோ அப்பாவையோ கூட வைத்துக்கொண்டு, ஒரு கண்ணாடிப் புட்டியில் நாலைந்து புழுக்களை எடு. வாயைக் கொசுவலைத் துணியால் இறுக்கிக் கட்டு. புட்டியை லேசாகத் தட்டினால் எல்லாம் அடியில் ஓடும். மறுபடி மேலே வர எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணு. நிழலில் வைத்து ஐந்து முறை, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து ஐந்து முறை. 'கமா' மாதிரி வளைந்த கூட்டுப்புழு ஒன்று தெரிந்தாலும் சோதனையை நிறுத்திவிட்டு, தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டிவிடு. இரண்டு நாளில் அது கொசுவாகிவிடும். பத்து எண்களையும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. அடிக்காமல், அழிக்காமல் அனுப்பு.